தலையாட்டுவதை முதலில் நிறுத்துங்கள்: காது கேட்காமல் போனவர்களுக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்குத் தயாராகிறவர்களுக்கும்

கொரோனா காலத்தில் ஒரு நாள் மருந்துக்கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு நின்றேன். கடைப்பையன் மாஸ்க் போட்டிருந்தான், நடுவில் பிளாஸ்டிக் திரை வேறு. அவன் சொன்னதில் "ன்னாடி சாப்பிடுங்க" என்பது மட்டும்தான் என் காதுக்கு எட்டியது. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? திரும்பக் கேட்க ஒரு விநாடி போதும். ஆனால் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், அதனால் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பத்து நாள் தப்பான நேரத்தில் மாத்திரை போட்டேன். சர்க்கரை ஏறியபோது, மனைவி மருந்துச் சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள்.

எனக்கு 38 வயதில் காது மந்தமாக ஆரம்பித்தது, 50க்குள் இரண்டு காதும் போய்விட்டன. இப்போது இடது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆப்பரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி, வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது, வலது காதில் பழைய ஹியரிங் எய்ட் மெஷினையே மாட்டிக்கொண்டிருக்கிறேன். பேசப் பழகி, பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போன பிறகு காது போன என்னைப் போன்ற பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளின் விஷயம் வேறு, அவர்களுக்கு வயதுதான் முக்கியம், ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் ஒரு அவசர விஷயம். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ காலையில் எழுந்தபோது திடீரென்று ஒரு காது அடைத்துப்போய், இரைச்சலோடு, கேட்காமல் இருக்கிறதா? இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றைக்கே இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். சளி, அழுக்கு என்று நினைத்து வெதுவெதுப்பான எண்ணெயும் பூண்டுச்சாறும் ஊற்றிக்கொண்டு வாரக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். மூன்று நாளுக்குள் இப்படி நரம்புக் கேட்புத்திறன் விழுந்தால் அதற்கு ஸ்டீராய்டு வைத்தியம் இருக்கிறது, முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலனுக்கு நல்ல வாய்ப்பு, வாரங்கள் போகப்போக அது குறைந்துகொண்டே வரும். எண்ணெய் எந்தக் காதுக்கும் வேண்டாம்.

சரி, என்னைப் போல மெல்ல மெல்லப் போன காது என்றால், வேலையை ஆடியோகிராமிலிருந்து தொடங்குங்கள்.

அந்த ஒரு தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒலி வராத அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்கச் சொல்லி எடுக்கும் பரிசோதனையின் முடிவுத் தாள்தான் ஆடியோகிராம். தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இடமிருந்து வலமாகப் போனால் தடித்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலிக்கு, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை. மேலிருந்து கீழே வந்தால் டெசிபல். கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு காது போயிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைக் கணக்குப்படி 65 டெசிபலிலிருந்து கடுமையான இழப்பு, 80க்கு மேல் மிகக் கடுமையானது.

நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் கோடு வலது பக்கம் சரிந்திருக்கும், அதாவது மெல்லிய உச்ச ஒலிகள் முதலில் போயிருக்கும். பேச்சில் சத்தத்தைத் தருவது கீழ் ஒலிகள், சொல்லைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மேல் ஒலிகள். "சத்தம் கேட்குது, ஆனா என்ன பேசுறாங்கன்னு புரியல" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். முன்னாடி, பின்னாடி என்ற என் குழப்பமும் அதுவே. 'உ'வும் 'இ'யும் கீழ் ஒலிகளில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன, இரண்டையும் பிரித்துக் காட்டும் பகுதி 2000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, அங்கே எனக்கு ஒன்றுமே இல்லை. இதை ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத்திறனைப் பரிசோதிக்கும் நிபுணர், தாளைக் காட்டி விளக்கிய அன்றுதான் எனக்குக் கவனம் போதவில்லை என்று வீட்டில் சொல்லிவந்தது ஓய்ந்தது. அதனால் பரிசோதனைக்குத் தனியாகப் போகாதீர்கள், கூட வாழ்கிறவர் ஒருவரை அழைத்துப் போங்கள்.

ஆடியோகிராம் மட்டும் போதாது. சொற்களைச் சொல்லி எத்தனை சரியாகத் திருப்பிச் சொல்கிறீர்கள் என்று பார்க்கும் பேச்சுப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள், தமிழிலேயே செய்யச் சொல்லுங்கள். நான் முதன்முதலில் மெஷின் வாங்கிய கடையில் அதைச் செய்யவேயில்லை, வலது காதுக்கு எடுத்த அளவையே இரண்டுக்கும் வைத்துப் பொருத்திவிட்டார்கள். இரண்டு வருடம் இரைச்சலைத்தான் காசு கொடுத்துக் கேட்டேன். பேச்சு, செவிப்புலன் பட்டம் படித்த ஆடியாலஜிஸ்ட் இருக்கும் இடத்தில்தான் மெஷின் வாங்க வேண்டும். பழைய தாள்களை எல்லாம் தேதி வாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள், காது எந்த வேகத்தில் போனது என்பதைப் பின்னால் ஆப்பரேஷன் டாக்டர் கட்டாயம் கேட்பார்.

வீடு

இந்தப் பகுதிதான் பெரியது. ஆப்பரேஷன் நடக்கிறதோ இல்லையோ, அதுவரைக்கும் வாழ வேண்டும் அல்லவா, அப்படியே நடந்தாலும் இந்தப் பழக்கங்கள் எல்லாம் பின்னாலும் வேண்டியிருக்கும்.

காது கேட்காதவன் கற்றுக்கொள்ளும் முதல் வித்தை தலையாட்டுவது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து, அவர் சிரித்தால் சிரித்து, நிறுத்தினால் "ஆமாமா" என்று சொல்லி நாளை ஓட்டிவிடலாம். நானும் பத்து வருடம் அப்படி ஓட்டினேன். அதில் போனது மாத்திரைக் கணக்கு மட்டுமில்லை, கல்யாண வீட்டில் ஒருவர் தன் அம்மா தவறிப்போன செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சிரித்துத் தலையாட்டியிருக்கிறேன். அதன் பிறகு விசேஷங்களுக்கே போகாமல் இருந்தேன். இப்படித்தான் ஒவ்வொரு வாசலாகச் சாத்திக்கொள்கிறோம்.

இதை விடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. வெறுமனே "என்ன?" என்று கேட்காதீர்கள். "என்ன?" என்றால் எதிரில் இருப்பவர் முழுவதையும் உரக்கச் சொல்வார், மறுபடியும் அதே சொல்தான் விழாமல் போகும். காதில் விழுந்ததைச் சொல்லி, விடுபட்டதை மட்டும் கேளுங்கள்: "நாளைக்குக் காலையில எங்க போகணும்னு சொன்ன?" என்று. அவருக்கும் எரிச்சல் வராது, ஒரே சொல்லில் பதில் வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். அடுப்படியிலிருந்து கூப்பிட்டுப் பேச வேண்டாம், எதிரில் வந்து நில்லுங்கள். தோளைத் தொட்டுவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும். கத்தக் கூடாது, கத்தினால் உதட்டின் வடிவம் கெடும், மெஷினிலும் ஒலி உடையும். இரண்டு தடவை சொல்லியும் புரியவில்லை என்றால் சொல்லை மாற்றுங்கள், "வெங்காயம்" விழவில்லை என்றால் "சாம்பாருக்குப் போடுற சின்ன வெங்காயம்". அப்புறம் அந்த ஒரு வாக்கியம், "ஒண்ணுமில்ல, விடு". அதை மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். நாலு பேர் சிரித்த பிறகு "என்ன?" என்று கேட்டவனிடம் "ஒண்ணுமில்ல, விடு" என்று சொன்னால் அவன் அடுத்த தடவை கேட்கவே மாட்டான், தலையாட்டத்தான் போவான்.

என் மனைவி ஒரு வேலை செய்தாள். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாள்களைச் சேர்த்து, வெள்ளையான பின்பக்கம் மேலே வருகிற மாதிரி ஒரு கிளிப் போட்டு, கயிற்றில் பேனா கட்டி, சாப்பாட்டு மேசை ஆணியில் மாட்டிவிட்டாள். பெயர், நேரம், தொகை இந்த மூன்றும் வாயால் சொன்னாலும் தாளிலும் எழுத வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எண்களில்தான் அதிகம் ஏமாறுவோம், அறுபது, எழுபது, எண்பது மூன்றுக்கும் கடைசி ஒன்றுதானே. அந்தத் தாள்களை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. "பால் 64", "அண்ணி வந்தாங்க", "கேஸ் புக் பண்ணியாச்சு", "கோபம் இல்ல, தலைவலி" என்று ஒன்றில் எழுதியிருக்கிறாள்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் ஓரளவு தானாகவே கற்றுக்கொள்கிறோம், ஆனால் அதற்கு எல்லை இருக்கிறது. 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுதான்: பணம், மணம் இரண்டையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். பாடு, மாடு அப்படித்தான். ல, ள, ழ எல்லாம் நாக்கு உள்ளே செய்கிற வேலை, 'க' தொண்டைப் பக்கம், வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே என்ன பேச்சு நடக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் உதடு உதவும். கூட்டத்தில் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "எதைப் பத்திப் பேசுறாங்க?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பாதி திறந்துவிடும்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாகக் காட்டும். பேச்சு வழக்கில் வேகமாகப் பேசினாலோ, இரண்டு பேர் ஒன்றாகப் பேசினாலோ தடுமாறும். ஆனால் டாக்டர் அறை, வங்கி மேனேஜர் மேசை போல ஒருவர் நிதானமாகப் பேசும் இடத்தில் பெரிய துணை. ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடும் இடங்களில் நான் சட்டைப்பையில் "எனக்குக் காது கேட்காது, என் முறை வரும்போது கை காட்டுங்கள்" என்று எழுதிய அட்டை வைத்திருந்தேன். நர்ஸிடம் அதைக் கொடுத்துவிட்டு அவர் கண்ணில் படும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். காலிங் பெல்லுக்கு விளக்கு எரியும் வகை, காலையில் எழுப்பத் தலையணைக்கடியில் அதிரும் அலாரம் இரண்டும் வாங்குங்கள். சாயங்காலம் ஆனால் ஆள் அசந்துபோவீர்கள், நாள் முழுக்கக் காதுக்குப் பதிலாக மூளை வேலை செய்திருக்கிறது. ஒரு மணி நேரம் மெஷினைக் கழற்றிவிட்டுச் சும்மா இருக்க வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கக் கூச்சப்படாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் கேட்புத்திறன் குறைந்தவர். அந்த அட்டைக்கான யு.டி.ஐ.டி. இணையதளத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஒலிக்குக் கேட்பு நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் பெரா என்ற பரிசோதனையையும் அவர்கள் கேட்கலாம். தலையில் ஒட்டுகளை ஒட்டித் தூங்குவதுபோலப் படுக்க வைத்து எடுப்பார்கள், வலிக்காது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள்.

மெஷின் போதுமா, இம்ப்ளான்ட் வேண்டுமா?

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுற்றிய காக்ளியா என்ற எலும்பு இருக்கிறது. ஒலியை மின்துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கும் நுண்முடி செல்கள் அதற்குள் இருக்கின்றன. மனிதனுக்கு அவை ஒருமுறை செத்தால் முளைக்காது. ஹியரிங் எய்ட் ஒலியைப் பெரிதாக்கும், ஆனால் வாங்கிக்கொள்ள செல் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிதாக்கினாலும் சொல் தெளியாது. காக்ளியர் இம்ப்ளான்ட் அந்தச் செல்களைத் தாண்டி, காக்ளியாவுக்குள் நுழைத்த மெல்லிய மின்வாய் (எலக்ட்ரோட்) கம்பி வழியாக நேரே நரம்பைத் தூண்டுகிறது. வெளியே காதுக்குப் பின்னால் ஒலியை வாங்கி மின்குறியாக மாற்றும் பிராசஸரும், அதை உள்ளே அனுப்ப, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயிலும் இருக்கும்.

இந்தக் கம்பியை உடையாமல் சுற்றுப்பாதைக்குள் எப்படி நுழைப்பது என்பது ஒரு காலத்தில் பெரிய சிக்கலாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் என்ற டாக்டர், 1977இல் கடற்கரையில் கிடந்த ஒரு சங்குக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தாராம். நுனி மெலிந்தும் அடி விறைப்பாகவும் இருக்கிற புல் வளைந்து வளைந்து உள்ளே போனது, கம்பியையும் அப்படியே செய்தார், 1978 ஆகஸ்ட் 1ஆம் தேதி மெல்போர்னில் அவருடைய முதல் இம்ப்ளான்ட் ஆப்பரேஷன். மருந்துக்கடை வைத்திருந்த அவருடைய அப்பாவுக்கும் காது கேட்காது. இதைப் படித்த இரவு எனக்குப் பயம் பாதி போய்விட்டது.

யாரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று ஆடியாலஜிஸ்ட்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல காதிலேயே சராசரி இழப்பு 60 டெசிபலோ அதற்கு மேலோ, சொற்களில் 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோதான் பிடிபடுகிறது என்றால் இம்ப்ளான்ட் மையத்தில் ஒரு தடவை காட்டிவிட வேண்டும். காட்டினாலே ஆப்பரேஷன் என்று அர்த்தமில்லை. அங்கே நன்றாகப் பொருத்திய மெஷினோடு மறுபடி சொற்பரிசோதனை செய்வார்கள். எனக்கு அப்படி மாட்டியும் பத்தில் இரண்டு சொல்தான் வந்தது. இந்தப் பரிசோதனையில் ஊகித்து நல்ல மார்க் வாங்கப் பார்க்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், தலையாட்டும் புத்தி இங்கேதான் முதலில் குறுக்கே வரும்.

தள்ளிப்போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காது முழுவதும் சும்மா கிடக்கும் வருடங்கள் கூடக்கூட மூளை ஒலியை மறக்கிறது, பலனும் குறையலாம். அதனால் சொல் புரியாத காதிலும் மெஷினை மாட்டிக்கொண்டே இருங்கள். மூளைக்காய்ச்சலால் (மெனிஞ்சைடிஸ்) காது போனவர்கள் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து கம்பி நுழைய இடமில்லாமல் போய்விடும்.

ஆப்பரேஷனுக்கு முன்னால்

சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டு ஸ்கேனும் எடுப்பார்கள், எலும்பின் அமைப்புக்கு ஒன்று, நரம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒன்று. சர்க்கரை, ரத்த அழுத்தம், இ.சி.ஜி., மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நிமோகாக்கல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், ஆப்பரேஷனுக்கு இரண்டு வாரமாவது முன்னால். இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் இது சடங்குக்கு இல்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பதிலையும் எழுதி வாங்குங்கள். எந்தக் காதில், ஏன்? மிச்சம் இருக்கும் கொஞ்சநஞ்சக் கேட்பு போய்விடுமா? (பல பேருக்குப் போய்விடும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.) முக நரம்பைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா? நாக்கில் ருசி மாறுமா, தலைசுற்றல் எத்தனை நாள்? காது இரைச்சல் குறையுமா? இரைச்சல் பலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, கூடினவர்களும் உண்டு. நிச்சயம் குறையும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் வேறொரு டாக்டரையும் பாருங்கள்.

கம்பெனி தேர்வு செய்வதில் ஆட்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் காக்ளியர், ஆஸ்திரியாவின் மெட்-எல், அமெரிக்காவின் அட்வான்ஸ்டு பயோனிக்ஸ், பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் பேச்சு. ஒன்றில் 22 மின்வாய், ஒன்றில் 12, ஒன்றில் 16, இந்த எண்ணிக்கையை வைத்து எது நன்றாகக் கேட்கும் என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் நாலு கேள்வி போதும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் இருக்கிறதா? காயில், ஒயர், பேட்டரி என்ன விலை? பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் காந்தத்தோடு எடுக்கலாமா? பிராசஸர் பழசானால் மாற்ற எவ்வளவு? உள்ளே வைப்பது ஆயுளுக்கும் இருக்க வேண்டியது, வெளியே இருப்பது சில வருடங்களில் மாறும், அப்போது பல லட்சம் கேட்பார்கள்.

பணம் என்று வந்தால் வெளிப்படையாகப் பேசுவோம். ஒரு காதுக்கு, மாடலைப் பொறுத்து, எல்லாம் சேர்ந்து ஆறேழு லட்சத்திலிருந்து பதினைந்து லட்சம் வரை போகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் இது குழந்தைகளுக்காகத்தான். என்னைப் போன்றவர்கள் சொந்தப் பணம், நகைக்கடன், அலுவலகம் என்றுதான் புரட்ட வேண்டியிருக்கிறது. மொழி தெரிந்த பெரியவருக்கு இவ்வளவு நல்ல பலன் தருகிற ஒன்றுக்கு அரசு உதவி கிடைக்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மத்திய அரசு ஊழியர், முன்னாள் ராணுவத்தினர், இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அவரவர் திட்டத்தில் முன் அனுமதி கேட்டு எழுதுங்கள். தனியார் பாலிசி இருந்தால், இம்ப்ளான்ட் கருவியின் விலை சேருமா, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் முடிந்ததா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள், போனில் "கவர் ஆகும் சார்" என்பதை நம்பாதீர்கள்.

ஆப்பரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முழு மயக்கம், இரண்டு மூன்று மணி நேரம், காதுக்குப் பின்னால் வெட்டி எலும்பைக் குடைந்து கம்பியை வைப்பார்கள். எனக்கு இரண்டு இரவு ஆஸ்பத்திரி, தலையைச் சுற்றிப் பெரிய கட்டு, எழுந்தால் நாலு நாள் சுற்றல், காது மடல் ஒரு மாதம் மரத்திருந்தது, காபி தகரம் மாதிரி ருசித்தது. மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மயக்கம் தெளிந்தபோது பேசுவதற்கு யாரும் இல்லாமல் தவிக்காதபடி, காலண்டர் தாளும் பேனாவும் மனைவி கையில் இருந்தது. கண்ணைத் திறந்ததும் "முடிஞ்சது. நல்லா இருக்கீங்க" என்று எழுதிக் காட்டினாள்.

ஸ்விட்ச் ஆன்

தையல் ஆறி, இரண்டு முதல் நாலு வாரம் கழித்துத்தான் பிராசஸரை இயக்குவார்கள். அதுவரை அந்தக் காதில் ஒன்றும் இருக்காது, இதை முன்கூட்டியே உறவுக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியிலேயே வந்து "கேட்குதா?" என்று கேட்பார்கள்.

அன்றைக்கு என் மகளும் வந்திருந்தாள். ஆடியாலஜிஸ்ட் காயிலைத் தலைமுடிக்குள் வைத்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மின்வாயாகத் தட்டினார். முதலில் ஒன்றுமில்லை, பிறகு உள்ளே எங்கோ ஒரு துடிப்பு, அப்புறம் கிண்கிண் என்று பாத்திரக்கடையில் ஸ்பூன் விழுவது போல. எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்தபோது எல்லாரும் பேசுவது சீழ்க்கையும் கரகரப்புமாக இருந்தது, எது ஆண் குரல், எது பெண் குரல் என்றுகூடத் தெரியவில்லை. மகள் வாயைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். ஒரு குட்டி ஒலி, நடுவில் ஒரு சின்ன மௌனம், பிறகு ஒரு நீண்ட ஒலி. மறுபடியும் அதே. குட்டி, மௌனம், நீளம். "அப்பா" என்கிறாளா என்று கேட்டேன். துப்பட்டாவை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

குரல் மகளுடையதாக இருக்கவில்லை, அதற்கு மூன்று மாதம் ஆனது. வீடியோக்களில் காட்டுவது போல முதல் நிமிடமே எல்லாம் கேட்டு அழுகிறவர்கள் இருக்கலாம், உங்களுக்கு வெறும் பீப் பீப் என்றுதான் கேட்டது என்றால் எதுவும் கெட்டுப்போய்விடவில்லை. மூளை அந்தத் துடிப்புகளைப் பேச்சாகக் கோத்துக்கொள்ள மாதங்கள் எடுக்கும். முதல் மூன்று மாதத்தில் ஏற்றம் வேகமாக இருக்கும், ஒரு வருடம் வரைக்கும், அதற்குப் பிறகும் கூடக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

அடுத்தது மேப்பிங். ஒவ்வொரு மின்வாயிலும் எந்த அளவில் ஒலி லேசாகத் தெரிகிறது, எந்த அளவுக்கு மேல் போனால் தாங்க முடியவில்லை என்று நீங்கள் சொல்லச் சொல்லத்தான் அவர்கள் அளவு வைக்க முடியும். என் இரண்டாவது மேப்பிங்கில், அவர்கள் அவசரத்தில் இருக்கிறார்களே என்று "ஓகே, ஓகே" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து வருடப் பழக்கம், அவ்வளவு லேசில் போகாது. மூன்று வாரம் குக்கர் விசில் ஊசி மாதிரி குத்தியது, பிராசஸரைக் கழற்றி டப்பாவில் வைக்கும் அளவுக்கு. அடுத்த தடவை ஒரு நோட்டுடன் போனேன்: விசில் குத்துகிறது, 'ச' வரவேயில்லை, பஸ்ஸில் எல்லாம் ஒரே இரைச்சல், என் குரலே எனக்கு டிரம்முக்குள் பேசுவது போல இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து மாற்றினார்கள். எது, எங்கே, எப்படி என்று எழுதிப் போங்கள். சரியில்லை என்று சொன்னால் அவர்கள் கோபிக்க மாட்டார்கள், அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

பயிற்சி

எழுந்ததும் மாட்டுங்கள், குளிக்கவும் தூங்கவும்தான் கழற்ற வேண்டும். தினமும் காலையில் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் முறை மாற்றி யாரையாவது சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நேற்றுக் கேட்ட 'ஸ்' இன்றைக்கு இல்லை என்றால் மைக்கில் வியர்வையோ, ஒயர் பழுதோ இருக்கும். நம் ஊர் வெக்கைக்குப் பிராசஸரை இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்தே ஆக வேண்டும்.

தமிழுக்கு ஒரு வசதி உண்டு. குறில், நெடில் வித்தியாசம் முதலில் பிடிபடும், நீளம்தானே. கல், கால். படம், பாடம். அதிலிருந்து தொடங்கி, பிறகு ப, ம, கடைசியில்தான் ல, ள, ழ. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசச் சொல்லாதீர்கள், ஒலியே மாறிவிடும், பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொன்னால் போதும். மனைவி நாளிதழில் ஒரு செய்தியை வாசிப்பாள், நான் அதே வரியில் விரலை வைத்துக்கொண்டே போவேன், திடீரென்று நிறுத்துவாள், எந்தச் சொல்லில் நிறுத்தினாள் என்று நான் காட்ட வேண்டும். தினமும் இருபது நிமிடம். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் ஒரு பத்தி முழுக்க விரல் வழுக்காமல் போனது.

இசையை அவசரப்பட்டுத் தேடாதீர்கள். கோயிலில் தவில் அடி ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாக விழுகிறது, நாதஸ்வரம் இன்னும் ஒரே கம்பியை இழுப்பது போலத்தான் இருக்கிறது. தாளத்தை இந்தக் கருவி நன்றாகக் கொடுக்கும், சுருதியைக் கொடுப்பதில் பலவீனம். ஒரு காதில் மட்டும் வைத்தவர்களுக்கு ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் தெரியாது, ரோட்டைக் கடக்கும்போது கண்ணைத்தான் நம்ப வேண்டும். இம்ப்ளான்ட் அட்டையை எப்போதும் பர்ஸில் வையுங்கள். ஏர்போர்ட்டில் காட்ட வேண்டும், பின்னாளில் எந்த ஆப்பரேஷன், பல் வைத்தியம், ஸ்கேன் என்றாலும் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

கடைசியாகப் போன். தெரிந்த குரல், தெரிந்த விஷயம், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால்தான் இது வரும். புதுக்கோட்டையில் இருக்கும் என் அக்கா தினமும் இரவு 8 மணிக்குக் கூப்பிடுவாள். அன்றைக்கு என்ன குழம்பு என்று மட்டும்தான் சொல்வாள், சாம்பார், வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, ரசம், இந்த நாலுக்குள் ஒன்று, நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. இருபது நாளில் நாலும் தவறாமல் வந்தது. போன வாரம் ஏதோ சொன்னாள், எதிலும் சேரவில்லை. "ஆமாக்கா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "புரியலக்கா, திரும்பச் சொல்லு" என்றேன். சொன்னாள். "இன்னொரு தடவை." நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "இன்னைக்கு சமைக்கலடா. உன்கிட்டப் பேசலாம்னு உக்காந்துட்டேன்."